பார்டோகிராஃப்: 4 செ.மீ.யா, 5 செ.மீ.யா?

அக்காமாரே, லேபர் ரூமில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள். எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். மிட்வைஃபரி (பிரசவப் பராமரிப்பு) பிராக்டிகலுக்கு இன்னும் 12 நாள்தான்.

பார்டோகிராஃப் என்பது பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்து வைக்கும் வரைபடத் தாள். வார்டில் இருப்பது பழைய தாள். கருப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் குறிக்கத் தொடங்கி, மணிக்கு 1 செ.மீ. வீதம் அலெர்ட் கோடு (திறப்பு அதைவிட மெதுவானால் எச்சரிக்கை). 4 மணி நேரம் தள்ளி ஆக்‌ஷன் கோடு (தாண்டினால் நடவடிக்கை). உலக சுகாதார நிறுவனத்தின் 2020 லேபர் கேர் கைடு என்ற புதிய தாளிலோ 5 செ.மீ.யில்தான் தொடக்கம், அலெர்ட் கோடே கிடையாது. 5 செ.மீ.யில் 6 மணி நேரம் நகராமல் நின்றால்தான் கவனிக்கச் சொல்கிறது.

போன வாரம் எனக்குக் கிடைத்த கேஸ், முதல் பிரசவம். காலை 10 மணிக்கு 4 செ.மீ., பகல் 2 மணிக்கு 5 செ.மீ. பனிக்குடம் உடையவில்லை, குழந்தையின் இதயத் துடிப்பு 140. பழைய தாளில் அலெர்ட் கோட்டைத் தாண்டியாச்சு. புதியதில் இப்போதுதான் ஆரம்பமே! (அந்தச் சேச்சி "நோவு தாங்கலை மோளே" என்று என் கையை விடவே இல்லை. மாலையில் சுகப்பிரசவம்.)

இரண்டு தாளிலும் போட்டுப் பார்த்தேன். சீனியர்கள் 4 என்கிறார்கள், டியூட்டர் 5 என்கிறார். லேபர் ரூம் சிஸ்டர் "தாளில் இருப்பதை எழுது" என்று முடித்துவிட்டார். பாடப்புத்தகமும் பழைய பதிப்பு.

இதே கேஸ் பரீட்சையில் வந்தால், எதைத் தொடக்கமாக வைத்து எழுதுவீர்கள், எக்ஸாமினர் கேட்டால் என்ன காரணம் சொல்வீர்கள்?