கோன்கேன் பள்ளியில் நான் கேட்ட கேள்விகள்

தாய்லாந்து என்றால் நம்மில் பலருக்குப் பட்டாயாதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாலியல் விஷயத்தில் கூச்சமே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். கோன்கேன் மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது நான் பார்த்தது வேறு.

அங்கே பாலியல் கல்வி சுகாதாரப் பாடத்துக்குள் வருகிறது. சக ஆசிரியை ஒருவர் நடத்தும்போது பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். எச்.ஐ.வி., பால்வினை நோய்கள், கர்ப்பமாகிப் படிப்பை விட்ட பெண்கள் என்று எல்லாமே எச்சரிக்கை. அவர் பிள்ளைகள்மேல் பிரியமானவர். பயமுறுத்தினால்தான் காப்பாற்ற முடியும் என்று உண்மையாகவே நம்பினார். யுனிசெஃப்பும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது: பள்ளிகளில் பாடம் இருக்கிறது, ஆனால் ஆபத்துகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

ஒரு நாள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தோழியோடு வந்து தயங்கி நின்றாள். காதலன் இருக்கிறான், ஆணுறை வாங்கப் பயமாக இருக்கிறது என்றாள். செவன் லெவன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும் பொருள்தான். ஆனால் ஒரு பெண் அதை எடுத்தால் கெட்ட பெயர். 2023 முதல் அரசுக் காப்பீட்டில் மருந்துக்கடையிலேயே வாரத்துக்குப் 10 வரை இலவசமாகக் கிடைக்கிறதே என்றேன். மருந்துக்கடைக்காரருக்குப் பாட்டியைத் தெரியும் என்றாள்.

அந்தப் பாட்டிதான் அவளை வளர்க்கிறார். அப்பா அம்மா இருவரும் பாங்காக்கில் வேலை. ஈசான் என்கிற இந்த வடகிழக்குப் பகுதியில் இப்படி வளரும் பிள்ளைகள் நிறைய. எனக்கு வலித்தது என்னவென்றால், அந்தப் பாட்டியின் தலைமுறை கருத்தடைக்குப் புதிதல்ல. 1974-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பாடுபட்ட மேச்சாய் வீராவைத்யா தொடங்கிய அமைப்பு கிராமம் கிராமமாக மாத்திரையும் ஆணுறையும் கொண்டுபோனது. எய்ட்ஸ் பரவியபோது பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறையைக் கட்டாயமாக்கினார்கள். கல்யாணமான பெண்ணுக்குச் சொன்னார்கள், தொழில் செய்யும் பெண்ணுக்கும் சொன்னார்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. 2016-ல் வந்த பதின்பருவக் கர்ப்பத் தடுப்புச் சட்டம், 10 வயதைத் தாண்டி 20 நிரம்பாத எல்லோருக்கும் தகவலும் சிகிச்சையும் ரகசியக் காப்பும் உரிமை என்கிறது. கர்ப்பமான மாணவியும் படிப்பைத் தொடரப் பள்ளி உதவ வேண்டும். அவளுக்கு இது எதுவும் தெரியாது. 1663 என்ற உதவி எண்ணைக் கொடுத்தேன். அப்புறம் பேசினாளாம், திட்டாமல் கேட்டார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்தச் சுகாதார ஆசிரியையிடம், அந்த மாணவி யார் என்று சொல்லாமல் பொதுவாகப் பேசிப்பார்த்தேன். பெயர் எழுதாமல் கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கலாம் என்றதும் சரி என்றார். நோயைப் பற்றி வந்தவை கொஞ்சம்தான். "வேண்டாம் என்று சொன்னால் அவன் விட்டுப் போய்விடுவானா?" என்ற கேள்வி வெவ்வேறு கையெழுத்தில் வந்திருந்தது. பையன்களும் எழுதியிருந்தார்கள்: "அவளுக்குச் சம்மதமா என்று எப்படிக் கேட்பது?" ஆசிரியை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பாடவேளை முழுவதும் இந்த இரண்டைப் பற்றியே பேசினார்.