ஸ்வீடனின் முதல் ஆறு கார்ல் மன்னர்கள் யார்?

வடபுலத்தான்:
ஸ்வீடனின் இன்றைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃப். அரசர் வரிசையைப் பின்னோக்கிப் பார்த்துச் சென்றால், 1161 முதல் 1167 வரை ஆண்ட கார்ல் ஸ்வெர்க்கர்சோனுடன் கார்ல்கள் முடிந்துவிடுகிறார்கள். ஆனால் அவரே ஏழாம் கார்ல் என்று குறிக்கப்படுகிறார். அவருக்கு முற்பட்ட ஆறு பேர் எந்தக் காலத்தவர்கள்?

ஏடறிவோன்:
அந்த அறுவரும் கற்பனை மன்னர்கள். லூத்தரியச் சீர்திருத்தத்தால் நாட்டை விட்டு விலகி வாழ்ந்த கத்தோலிக்கப் பேராயர் யோஹான்னஸ் மாக்னுஸ், நோவாவின் பேரன் மாகோகிலிருந்து தொடங்கி ஸ்வீடன் அரசர்களின் வரலாற்றை லத்தீனில் எழுதினார். 1544இல் அவர் மறைந்த பின், தம்பி ஓலாவுஸ் அதை 1554இல் ரோமில் அச்சிட்டார். அந்தப் பட்டியலை நம்பித்தான் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசாவின் மகன்களில் ஒருவர் பதினான்காம் எரிக் என்றும், இன்னொருவர் ஒன்பதாம் கார்ல் என்றும் தம்மை எண்ணிக்கொண்டனர். இதில் அரசியல் தேவையும் இருந்தது என்றே கருதுகிறேன்: டென்மார்க் மன்னருக்கு எதிரான கிளர்ச்சியில் வென்று, 1523இல்தான் அரியணை ஏறிய வாசா குடும்பத்துக்குத் தொன்மையான முன்னோர் வரிசை பெரும் பலமாக அமைந்திருக்கும்.

பனிநிலா:
இதற்குத் தெளிவான சான்று நார்வேயில் இருக்கிறது. பிரான்சின் போ நகரில் 1763இல் பிறந்து நெப்போலியனின் தளபதியாக உயர்ந்த பெர்னதோத், 1810இல் ஸ்வீடனின் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1818இல் இரு நாடுகளுக்கும் அரசரானார். ஸ்வீடனில் அவர் பதினான்காம் கார்ல் யோஹான்; நார்வேயிலோ மூன்றாம் கார்ல் யோஹான். நார்வே தன்னை உண்மையில் ஆண்டவர்களை மட்டுமே எண்ணியதால் வந்த வேறுபாடு இது.

வடபுலத்தான்:
மிக்க நன்றி. அப்படியானால் குஸ்தாவ், யோஹான் ஆகிய பெயர்களின் எண்களும் ஐயத்துக்கு உரியவையா?

ஏடறிவோன்:
இல்லை. குஸ்தாவ் வரிசை வாசாவிலிருந்தே தொடங்குகிறது. 1973இல் மறைந்த ஆறாம் குஸ்தாஃப் அடோல்ஃப் வரை அறுவரும் மெய்யாக ஆண்டவர்கள். மூன்று யோஹான்களும் அவ்வாறே. எரிக், கார்ல் வரிசைகளில்தான் சிக்கல். பன்னிரண்டாம் கார்ல் போன்ற பெயர்கள் நாணயங்களிலும் ஆவணங்களிலும் ஊன்றிவிட்டபின் எண்ணைத் திருத்தினால் குழப்பமே மிஞ்சும். இன்றைய மன்னர் 1973இல் பட்டமேற்றபோது, கோத்தர்கள், வெண்டர்கள் என்ற பண்டைய இனத்தாருக்கும் அரசர் என்ற பழைய பட்டங்களைக் கைவிட்டு, ஸ்வீடனின் அரசர் என்பதை மட்டும் ஏற்றார். பதினாறு என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டார்.