ஜெல் வேலை செய்யும் விரல்களில் ஆறாத வெடிப்பு: எந்தக் கையுறை, எந்தக் களிம்பு?

கேட்டவர்: தூரிகை

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக நெயில் டெக்னீஷியனாக வேலை செய்து வருகிறேன். நகங்களுக்கு ஜெல், அக்ரிலிக் பூச்சு இரண்டும் போடுவேன். நாளொன்றுக்கு ஐந்தாறு வாடிக்கையாளர்களாவது என் மேசைக்கு வருவார்கள். முதல் சில ஆண்டுகளில் அசிட்டோன் பட்டுக் கை வறண்டுபோவதைத் தவிர வேறு தொல்லை இருந்ததில்லை. எட்டு மாதங்களுக்கு முன்பு இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிச்சதை மட்டும் சிவந்து அரிக்கத் தொடங்கியது. பிறகு அந்த இடத்துத் தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, இப்போது குறுக்காக வெடித்திருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போடும்போது உயிர் போகிறது. கைரேகை வைத்துத் திறக்கும் கைப்பேசி, இது உன் விரலே இல்லை என்று அடம் பிடிக்கிறது.

ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது பாதிக்குமேல் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பிய மறுநாள் மாலையே அரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டைத் தடவினால் அடங்குகிறது. நிறுத்தினால் பத்து நாட்களுக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. முதலில் லேடெக்ஸ் கையுறை அணிந்தேன். இப்போது நைட்ரைல் அணிகிறேன், காலையில் போட்டால் மதியம் வரை அதே ஜோடிதான். இரண்டு வாரங்களாகக் கண்ணிமைகளும் தடித்து அரிக்கின்றன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

தூரிகை பிடிக்கும் வலது கையை விட்டுவிட்டு இடது கையில் மட்டும் ஏன் வருகிறது? எந்தக் கையுறை, எந்தக் களிம்பு உதவும்? தொழிலை விட்டுவிடு என்ற அறிவுரையை வீட்டில் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அதைத் தவிர வேறு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: பழைய மேசை

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட அந்த மூன்று விரல்களைக் கொண்டுதான் நாம் வாடிக்கையாளரின் விரலைப் பிடித்துக்கொள்கிறோம். நகத்தின் ஓரத்தில் வழியும் ஜெல்லை யோசிக்காமல் துடைப்பதும் இடது கட்டைவிரல்தான். ஜெல்லை இறுக வைக்கும் விளக்கிலிருந்து வெளியே வந்த நகத்தின்மேல் பிசுபிசுப்பான ஒரு படலம் நிற்குமல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பு இறுகுவதைத் தடுப்பதால் மிஞ்சும் இறுகாத ஜெல் அது. ஜெல், அக்ரிலிக் இரண்டுமே மெத்தாக்ரிலேட்டு என்னும் வகையைச் சேர்ந்த சிறிய மூலக்கூறுகளால் ஆனவை. அவை இறுகிச் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பிறகு தோலுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, இறுகாமல் இருக்கும்போதுதான் தோலுக்குள் புகுந்து ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. உங்கள் இடது கை நாள் முழுவதும் தொடுவது அந்த இறுகாத பொருளைத்தான்.

எனக்கும் இதே கதை நடந்தது, ஆனால் வலது கையில். ஒரு நாள் தூரிகையின் காம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான் பிடிக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பளபளப்பு இருந்தது, விரலை வைத்து எடுத்தால் லேசாக ஒட்டியது. ஜெல் புட்டியின் கழுத்திலும், விளக்கை அழுத்தும் பொத்தானிலும், மேசைத் துண்டின் ஓரத்திலும் அதே ஒட்டல். கையுறையைக் கழற்றிய பிறகு வெறுங்கையால் நான் தொட்டுக்கொண்டிருந்தவை இவைதாம். கண்ணிமையின் தோல் மிக மெல்லியது. அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாலும், நகத்தை ஃபைல் செய்து தேய்க்கும்போது கிளம்பும் தூசி பட்டாலும் அங்கே முதலில் தெரியும். ஆகவே உங்கள் இமைக்கும் விரலுக்கும் தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கையுறையைப் பற்றி இனிப்பாகச் சொல்ல எதுவுமில்லை. லேடெக்ஸும் வினைலும் மெத்தாக்ரிலேட்டுக்குத் தடையே அல்ல. சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் சற்று மேல், ஆனால் அதுவும் சிறிது நேரத்திற்குத்தான். காலையில் அணிந்ததை மதியம் கழற்றினால், ஊறிய பொருளை வியர்வையோடு தோலில் வைத்துக் கட்டுப்போட்டதாகவே ஆகும். ஒருவருக்கு நகம் போட்டு முடிப்பதற்குள்ளேயே நான் இரண்டு முறை மாற்றுகிறேன். ஜெல் துளி பட்டால் அந்த நொடியே கழற்றிவிடுகிறேன். அசிட்டோனைப் பொறுத்தவரை நைட்ரைலை நம்பவே வேண்டாம். அதைக் கையால் அல்லாமல் கிளிப்பில் பிடித்த பஞ்சால் கையாளப் பழகிக்கொள்ளுங்கள்.

பதில்: சோதனை அறைச் செவிலி

நான் தோல்நோய்ப் பிரிவில் ஒவ்வாமைச் சோதனை செய்யும் செவிலியர். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையுறைக்கும் களிம்புக்கும் போவதற்கு முன்பு, இது எந்த வகைத் தோல் அழற்சி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர், சோப்பு, அசிட்டோன், ஸ்பிரிட், உராயும் தூசி ஆகியவை தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி அரித்தெடுப்பதால் வருவது எரிச்சல்வகை. அது யாருக்கும் வரலாம். தொடுவதைக் குறைத்தால் குறையும். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதால் வருவது ஒவ்வாமைவகை. அதில் துளியளவு பட்டாலே போதும், ஆனால் விளைவு உடனே தெரியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்தே கிளம்பும். திங்களன்று தொட்டதற்குப் புதனன்று அரித்தால் புதனன்று தொட்டதைத்தான் சந்தேகிப்போம், அதனால்தான் பலரும் தவறான பொருளைத் துரத்திக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறார்கள். இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருப்பதும் வழக்கம்: எரிச்சலில் பாழான தோல் வழியாக ஒவ்வாமைப் பொருள் எளிதாக நுழைகிறது.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. பேட்ச் டெஸ்ட் தேவை. சிறு வட்டங்களில் நீர்த்த பொருட்களை வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். நான்காம் நாள் மீண்டும் பார்ப்போம், தேவைப்பட்டால் ஏழாம் நாளும். அந்த நாட்களில் முதுகை நனைக்கக் கூடாது. முதுகில் ஸ்டீராய்டு தடவுவதையும் வெயில் படுவதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நகத்தொழிலில் இருப்பதாகத் தெரிவித்தால்தான் அக்ரிலேட்டுத் தொகுதியை, அதாவது மெத்தாக்ரிலேட்டுகளும் அடங்கிய குடும்பத்துச் சோதனைப் பொருட்களை, சேர்ப்பார்கள். பொதுத் தொகுதியோடு நிறுத்திவிட்டால் சில பொருட்கள் விட்டுப்போகும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஜெல்லைக் கையில் தடவிச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நீர்க்காத ஜெல், இல்லாத ஒவ்வாமையையும் உண்டாக்கிவிடும்.

களிம்பைப் பற்றி: ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கிறது, அடுப்பை அணைப்பதில்லை. மருத்துவர் சொன்ன நாட்களுக்குச் சரியான அளவில் போடுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய நீளம், பெரியவர்களின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். அதே ஆயின்மென்ட்டைக் கண்ணிமையில் நீங்களாகத் தடவாதீர்கள். இமைக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தோலின் ஈரப்பசையைக் காக்க, கிரீமைவிட வாசனையில்லாத கெட்டியான ஆயின்மென்ட் நல்லது. இரவில் தடிப்பாகத் தடவிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கலாம். வெடிப்பில் மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, துடிக்கும் வலி தோன்றினால் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நகம் ஒட்டும் பசையால் வெடிப்பை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உங்கள் தொழிலில் உண்டு என்பதை அறிவேன். அந்தப் பசையிலுள்ள சயனோஅக்ரிலேட்டும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியதே.

பதில்: வளைகோடு

இவ்வளவு அலைச்சல் தேவையா என்று தோன்றுகிறது. எனக்கும் விரல் வெடித்தது. ஹேமா (HEMA) என்னும் வேதிப்பொருள் இல்லாத ஜெல்லுக்கு மாறினேன், ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது. அதையே செய்து பாருங்கள்.

பதில்: சோதனை அறைச் செவிலி

உங்களுக்குச் சரியானதில் மகிழ்ச்சி. ஆனால் ஹேமா என்பது மெத்தாக்ரிலேட்டுகளில் ஒன்று, அவ்வளவே. அதை எடுத்துவிட்ட ஜெல்லில் அதன் உறவுக்கார மூலக்கூறுகள் இருக்கும். ஒன்றுக்குப் பழகிய ஒவ்வாமை மற்றதையும் அடையாளம் கண்டுகொள்வது மிகச் சாதாரணம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2012 ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது அக்ரிலேட்டுகளை மொத்தமாகத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் ஹேமா உள்ள நகப்பொருட்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அந்த விதியால் வீட்டில் போட்டுக்கொள்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. புட்டியில் ‘ஒவ்வாமை தராதது’ என்று அச்சிட்டிருப்பதையும் நான் பொருட்படுத்துவதில்லை.

கேட்டவர்: தூரிகை

எல்லாருக்கும் நன்றி. தூரிகைக் காம்பைப் போய்ப் பார்த்தேன், ஒட்டுகிறது. ஆறு ஆண்டுகளாக அதைத் துடைத்ததே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. பேட்ச் டெஸ்டுக்கும் நாள் வாங்கிவிட்டேன். ஒருவேளை மெத்தாக்ரிலேட்டு ஒவ்வாமை என்றே வந்துவிட்டால், அது என்றாவது போகுமா? எந்த வேலையைத் தொடரலாம்?

பதில்: பழைய மேசை

போகாது. எனக்குச் சோதனையில் உறுதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன; ஜெல் இன்றைக்குப் பட்டாலும் நாளை மறுநாள் விரல் சொல்லிவிடும். ஒரு முறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது; அந்த ஒரு வருடத்தில்தான் தோல் அதிகம் கெட்டது.

தொழிலை நான் விடவில்லை, மேசையை மாற்றிக்கொண்டேன். ஜெல்லும் அக்ரிலிக்கும் போடுவதில்லை. நகம் சீராக்குதல், கால் பராமரிப்பு, வழக்கமான நெயில் பாலிஷ் ஆகியவற்றைச் செய்கிறேன். வழக்கமான பாலிஷ் விளக்கில் இறுகுவதல்ல, கரைப்பான் ஆவியாவதால் உலர்வது. அதிலும் சிலருக்கு ஒவ்வாத பிசின் இருக்கக்கூடும் என்பதால் சோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பது இன்னொரு வழி, தொட்டுக் காட்டாமல் சொல்லிக் கொடுக்கப் பழகினால்.

ஜெல்லைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பு பாதியளவில் இருந்து பயனில்லை. ஜெல் தயாரித்த நிறுவனம் சொல்லும் விளக்கையே பயன்படுத்த வேண்டும். பொருந்தாத விளக்கில் நகம் மேலே கெட்டியாகவும் உள்ளே அரைகுறையாகவும் நிற்கும், அதை ஃபைல் செய்தால் இறுகாத தூசியைத்தான் கிளப்புகிறோம். தூசியை மேசையிலேயே உறிஞ்சும் கருவி வேண்டும். முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன ரசாயனக் கையுறைகள் நைட்ரைலைவிட நெடுநேரம் தாங்கும். தொளதொளவென்று இருப்பதால், விரல் பகுதியை மட்டும் வெட்டி உள்ளே போட்டு மேலே நைட்ரைல் அணிபவர்கள் உண்டு. இத்தனையும் செய்த பிறகும் எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சோதனையில் உறுதியானால் பல் மருத்துவரிடம் மறக்காமல் தெரிவியுங்கள்; பல்லடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமென்ட்டிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. விரல் ஆறியதுபோல் தோன்றியதும் பழைய வேகத்தில் இறங்கிவிடாதீர்கள்; மேலே மூடிக்கொண்ட தோல் உள்ளே முழுவதும் தேறச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்தத் தூரிகைகளை ஒரு மூடிய பெட்டியில் போட்டு வையுங்கள், கையுறை இல்லாமல் எடுக்காதீர்கள்.