38 சதவீதம் காட்டியபடியே படுத்த கார்

ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். மின்காரில் திடீரென்று இழுவை போய் நடுத்தெருவில் நின்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்கிறேன்.

கார் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஜப்பானில் ஓடிக் களைத்த பிறகு என்னிடம் வந்தது. 24 கிலோவாற் மணிப் பற்றரி. வைகாசி வெயிலில் மருதமுனைக்குச் சாரம் வாங்கப் புறப்பட்டோம், பின் ஆசனத்தில் மாமியும் மனைவியும். கல்முனை வரை தெரு பாய் விரித்தது போலத் தட்டை. ஏற்றம் என்றால் பாலங்கள்தான். ஓந்தாச்சிமடம் தாண்டிக் கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். வேகம் கூடவில்லை, குறைந்தது. முன்பலகையில் மஞ்சள் ஆமை எரிந்தது, இழுவையைக் கார் தானே குறைத்துவிட்டது என்பதற்கான அடையாளம். சார்ஜ் 38 சதவீதம்! பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. "எண்ணெய் முடிந்துவிட்டதா தம்பி?" என்று மாமி கேட்டார். ஊர்ந்து கரைக்கு வந்து, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

ஊர்க் கராஜில் சின்னப் பற்றரியை மாற்றச் சொன்னார்கள். மின்காரிலும் 12 வோல்ற் பற்றரி ஒன்று உண்டு. கணினிகளும் விளக்குகளும், பெரிய பற்றரியை மோட்டரோடு இணைக்கும் ரிலேக்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மாற்றினேன். இரண்டு கிழமை தொல்லை இல்லை. அந்த இரண்டு கிழமையும் நான் காத்தான்குடிச் சந்தைக்கு மேல் போகவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் கிழமை கல்லடிப் பாலத்தில் மறுபடியும் ஆமை.

காத்தான்குடியில் மின்கார் வேலை தெரிந்த நானா ஒருவரைப் பிடித்தேன். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைச் செருகித் தொலைபேசியில் காட்டினார். பெரிய பற்றரியின் 96 செல் சோடிகளும் மட்டம் பிடித்த செங்கல் போல ஒரே வரிசை. உச்சத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் 14 மில்லிவோல்ற். "எல்லாம் சரிதானே நானா?" என்றேன். "நிற்கிற மாடு நொண்டியா என்று எப்படித் தெரியும் தம்பி? ஓட்டுங்கள்" என்றார்.

ஓட்டினேன். அழுத்தி மிதித்ததும் மற்றவை 3.6 வோல்ற்றில் நிற்க, 61ஆவது மட்டும் 2.9க்கு விழுந்தது. காலை எடுத்தேன், ஒன்றும் அறியாத பிள்ளை போல வரிசையில் சேர்ந்துகொண்டது. செல்கள் தொடராக இணைந்தவை. ஒன்றின் உள்தடை கூடிவிட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான மின்னோட்டம் அதை மட்டும் கீழே தள்ளும். அது பாழாகாமல் இருக்கக் கணினி முழுக் காரின் இழுவையையும் வெட்டிவிடும். 38 சதவீதம் பொய்யில்லை, ஆனால் அது மொத்தப் பற்றரிப் பெட்டியின் கணக்கு. என் காரின் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. நம் வெயிலுக்கு இத்தனை நாள் தாங்கியதே பெரிய காரியம்.

பற்றரிப் பெட்டி கிட்டத்தட்ட 300 கிலோ. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டி திருத்தும் என் மச்சான் சாவியோடு வந்து நின்றார். நானா அவரைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டார். நியாயம்தான்: உள்ளே 350 வோல்ற்றுக்கு மேல். பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேவைச் செருகியைப் பிடுங்கிய பிறகும் உடனே கை வைக்கவில்லை. மின்தேக்கிகள் வடியட்டும் என்று காத்திருந்து, மீற்றரால் பார்த்துவிட்டு, மின்காப்புக் கையுறையோடுதான் இறங்கினார். செல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளின் நட் தளர்ந்தாலும் இதே அறிகுறி வரும் என்று முதலில் அவற்றைச் சோதித்தார். இறுக்கமாகவே இருந்தன. இரண்டிரண்டு சோடிகளாக அடைத்த 48 மொடியூல்களில், 61ஆவது இருக்கும் 31ஆவதைக் கழற்றி, ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த பழையது ஒன்றைத் தேடிப் போட்டார். புத்தம் புதியது மற்றவற்றோடு ஒத்துப்போகாதாம். போடுவதற்கு முன் அதன் வோல்ற்றளவை மற்றவற்றுக்குச் சமமாக்கவே இரண்டு நாள் போனது. செலவை இங்கே எழுதினால் மனைவி படிப்பாள்.

*

கல்முனையிலிருந்து: அண்ணா, உங்கள் கராஜ்காரர் சொன்ன மருந்து எனக்குரியது போலிருக்கிறது! நிந்தவூரில் எனக்கு ஆமையெல்லாம் வரவில்லை. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை கண் சிமிட்டின, பிறகு மொத்தமும் இருட்டு. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது. உருண்ட வேகத்திலேயே ஓரம் கட்டினேன். பெரிய பற்றரி போய்விட்டது என்று அன்றிரவு தூக்கமில்லை. காலையில் பார்த்தால், 12 வோல்ற் பற்றரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், கவ்வி கையால் ஆட்டினாலே ஆடியது. கடற்காற்றின் வேலை. கவ்வியைக் கழற்றி, அப்பச்சோடா கலந்த சுடுநீரால் தேய்த்துக் கழுவி, இறுக்கிக் கிறீஸ் பூசினேன். அணைத்திருக்கும்போது 12.6 வோல்ற், 'ரெடி' விளக்கு எரியும்போது 13க்கு மேல். ரெடியிலும் 13ஐ எட்டாவிட்டால் அதற்குச் சார்ஜ் கொடுக்கும் மாற்றியைச் சந்தேகியுங்கள். கார் ஊர்ந்தால் பெரியது, செத்தால் சின்னது என்று நான் பார்க்கத் தொடங்குவேன்.

*

சம்மாந்துறையிலிருந்து: ஊர்ந்தாலும் செல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கொழும்பிலிருந்து வரும் வழியில் ஒரே பகலில் இரண்டு தடவை விரைவுச் சார்ஜ் ஏற்றினேன். பற்றரி வெப்பம் சிவப்புக்குப் போய் இழுவை குறைந்தது. இரவு வரை நிறுத்திவைத்தேன், சரியாகிவிட்டது.

*

ஆரையம்பதி: மாற்றிய பிறகு எப்படி என்று கேட்டவருக்கு: 4,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது, ஆமை வரவில்லை. ஆனால் அழுத்தி மிதித்தால் 17ஆவது செல் இப்போது 120 மில்லிவோல்ற் கீழே இறங்குகிறது. பெட்டி திறந்திருந்த அன்றே அதையும் மாற்றுவோம் என்று நானா சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.