நாலு பேருக்கு நாலு விண்ணப்பம்: எங்கள் வீட்டுக் குடியுரிமைக் கதை

பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதிவிடுகிறேன். வேலை விசாவில் இருக்கும்போது இங்கிலாந்தில் குழந்தை பெற்றவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். எங்களுக்கு இதை உரிய நேரத்தில் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

2018 பிப்ரவரியில் கணவரின் வேலைக்காக ரெடிங் வந்தோம். மகள் திருச்சியில் பிறந்தவள், அப்போது நாலு வயது. மகன் 2020-ல் இங்கேயே பிறந்தான். "இனிமே அவன் வெள்ளைக்கார நாட்டுப் பிரஜை" என்று என் மாமியார் போனில் சந்தோஷப்பட்டார். ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1983 ஜனவரி 1 முதல் அந்த வழக்கம் இல்லை. குழந்தை பிறக்கும்போது அப்பா அம்மாவில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமக்களாகவோ, ஐ.எல்.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு பெற்றவராகவோ இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் எடுத்தோம்.

2023 மார்ச்சில் ஐ.எல்.ஆர். போட்டோம். ஆளுக்கு 2,404 பவுண்டு. ஓர் ஆலோசகர் "நாலு பேருக்கும் சேர்த்தே போட்டுடுங்க" என்றார், நாங்களும் போட்டுவிட்டோம். மகனுக்கு அது தேவையே இல்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். கிடைத்த உடனேயே எம்.என்.1 படிவத்தில் நேரடியாகக் குடியுரிமைப் பதிவு கேட்கலாம். 1981-ஆம் வருட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 1(3) அதை அவன் உரிமையாகவே தருகிறது. பெரியவர்களைப் போல ஐ.எல்.ஆருக்குப் பிறகு 12 மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

அன்றைக்குக் குழந்தைப் பதிவுக்கு 1,012 பவுண்டு. நாங்கள் ஐ.எல்.ஆருக்கு 2,404 கட்டி, எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்று காத்திருந்து, 2024-ல் பதிவுக்கு 1,214 கட்டினோம். 2023 அக்டோபரில் கட்டணம் ஏறிவிட்டிருந்தது. 2,606 பவுண்டு கூடுதல். அந்தக் கணக்கை ஒரு ராத்திரி மகளின் ஹோம்வொர்க் நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். ஒருவருடைய மாதச் சம்பளம் முழுசாகப் போன மாதிரி.

குடும்ப விண்ணப்பம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நாலு பேருக்கு நாலு விண்ணப்பம், பெரியவர்களுக்கு ஒரு வழி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. மகளுக்கும் அதே எம்.என்.1 படிவம்தான், ஆனால் வெளிநாட்டில் பிறந்தவள் என்பதால் பிரிவு 3(1). அது உரிமை இல்லை, அதிகாரி பார்த்து முடிவு செய்வது. பெற்றோரும் விண்ணப்பிக்கிறார்கள், பிள்ளை இங்கேயே வளர்கிறது என்று காட்ட வேண்டும். அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்ததால் நன்னடத்தைக் கேள்விகளும் அவளுக்கு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். எல்லாரையும் கேட்பதுதான் என்று சொல்லி அணைத்துக்கொண்டேன்.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். ஐந்து வருடத்தில் 450 நாளுக்கு மேல், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது, அதில் நான் நன்றாகவே தேறினேன். ஆனால் விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக ஐந்து வருடத்துக்கு முன்னால், அதே தேதியில், நாம் இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் போடலாம் என்றிருந்தோம். பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினால், 2019 மார்ச் கடைசியில் சென்னையில் இறங்கிய முத்திரை, பாதி அழிந்த ஊதா மை. பாட்டி படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. காரியமெல்லாம் முடித்துத் திரும்பியது ஜூன் 2. ஆக 2024 ஜூன் வரை நான் போட முடியாது. கணவர் முன்னாலேயே போட்டிருக்கலாம், மறுபடியும் "சேர்ந்தே போவோம்". அதற்குள் ஏப்ரலில் பெரியவர்கள் கட்டணம் 1,580-லிருந்து 1,630 ஆகிவிட்டது.

இந்த நாட்டைப் பற்றிக் கேட்கும் லைஃப் இன் த யூகே தேர்வும் ஆங்கிலச் சான்றும் ஐ.எல்.ஆருக்குக் கொடுத்ததே போதும். கஷ்டப்பட்டது பிள்ளைகளுக்கு ரெஃபரி, அதாவது அவர்களைத் தெரியும் என்று கையெழுத்துப் போடுபவர், பிடிக்கத்தான். ஒருவர் பிள்ளையைத் தொழில்முறையில் அறிந்தவராக இருக்க வேண்டும், மூன்று வருடப் பழக்கமும் வேண்டும். பள்ளியிலோ வருடா வருடம் டீச்சர் மாறுவார். மகளின் இரண்டாம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போய்க் கேட்டேன். படிவத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்து, "முன்பல் முளைத்துவிட்டதே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தந்தார். மகனுக்கு, ஒரு வயதிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்ட நர்சரி டீச்சர்.

பிள்ளைகளின் சான்றிதழ் அக்டோபரிலேயே தபாலில் வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, உறுதிமொழி எடுக்கும் குடியுரிமை விழா கட்டாயமில்லை. எங்களுக்கு நவம்பரில் கடிதம், மூன்று மாதத்துக்குள் உறுதிமொழி எடுக்க வேண்டும். டிசம்பரில் மன்னர் மூன்றாம் சார்லஸின் பேரைச் சொல்லி எடுத்தோம்.

அப்புறம் ஒன்று, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கவனியுங்கள். உறுதிமொழி எடுத்த நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது, அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. முதலில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று, அதன் பிறகுதான் ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் வாரக் கணக்கில் ஆனது. ஓ.சி.ஐ. கைக்கு வந்தது மார்ச்சில். தை மாதம் ஸ்ரீரங்கத்தில் நடந்த என் தம்பி கல்யாணத்தை, விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து, வீடியோ காலில் பார்த்தோம். வீட்டில் கல்யாணம் காட்சி இருந்தால் தேதியைப் பார்த்துவிட்டு விழாவுக்குப் பதிவு செய்யுங்கள், மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது.