அம்மாவின் ஒருசந்தியும் இன்சுலினும்: வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் நெருங்குகிறது, எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாவுக்கு 63 வயது. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இருந்தும் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பார். மதியம் ஒருவேளை கஞ்சி, அவ்வளவுதான். போன வருடம் பெரிய வெள்ளியன்று, இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதையில், ஒன்பதாம் தலத்தில் மயங்கி விழுந்தார். இயேசு மூன்றாம் முறை விழும் தலம் அது. அதையும் ஒரு பேறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார், என்ன செய்ய!

திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது முதல் 59 வயது முடியும்வரைதான். அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன். "சட்டத்துக்காகவா இருக்கிறேன்?" என்கிறார். பைபிளில், சாக வேண்டும் என்று படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தானே என்றேன். அதைச் சாப்பிட்டுவிட்டு எலியா நாற்பது நாள் நடந்ததைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டார். மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு ஜெபமாலையைத் தொடாத நான் உபதேசம் செய்வது அவருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மருத்துவரிடம் கேட்பேன். உங்களிடம் கேட்பது வேறு. சர்க்கரை நோயோடு தவக்காலத்தை அனுசரிப்பவர்கள் உணவுக்குப் பதிலாக எதை ஒறுத்தீர்கள்? வீட்டுப் பெரியவர்களின் மனம் நோகாமல் எப்படிப் பேசினீர்கள்? பங்குத்தந்தையே சொன்னால் கேட்பார்களா, அல்லது பிள்ளைகள் கோள் சொன்னதாக வருத்தப்படுவார்களா? புதன்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.