உணவுக்குழாய் விரிந்த மீட்புக் குட்டி: தத்தெடுக்கலாமா?

கேள்வி: தற்காலிகமாக வளர்க்கும் தெருநாய்க் குட்டிக்கு எட்டு வாரம். பால் இறங்குகிறது, சோறு வைத்தால் சற்று நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் மெகா ஈசோபேகஸ் (உணவுக்குழாய் விரிந்து தளர்ந்த நிலை) என்றார் டாக்டர். நாங்களே தத்தெடுக்க நினைக்கிறோம். எப்படிப் பராமரிப்பது?

பதில் 1: முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். திட உணவு தொடங்கியதும் வந்ததென்றால், பெருந்தமனி வலப்பக்கம் அமைந்து, ஒரு நார் உணவுக்குழாயை இறுக்கும் பிறவிக் கோளாறாக இருக்கலாம். பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில், உணவுக்குழாயில் இதயத்துக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் வீங்கித் தெரியும். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. தள்ளிப்போடாதீர்கள், நாளானால் குழாய் தளர்ந்தே நின்றுவிடும்.

பதில் 2: கிண்ணத்தை மட்டும் உயர்த்தினால் போதாது, முதுகெலும்பே செங்குத்தாக நிற்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் 20 முதல் 30 நிமிடம் அப்படியே பிடியுங்கள். ஒரு நாள் உணவை நான்கு வேளையாகப் பிரியுங்கள். சில குட்டிக்குக் கூழ் தங்கும், சிலதுக்குச் சிறு உருண்டை; இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரும் நிமிர்த்தித்தான்.

பதில் 3: பெரிய ஆபத்து நிமோனியா. எதுக்களித்த உணவு நுரையீரலுக்குள் போய்விடும். இருமல், காய்ச்சல், அயர்ந்து தூங்கும்போதும் நிமிடத்துக்கு 40 மூச்சுக்கு மேல் என்றால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். படுத்திருக்கும் குட்டியின் வாயில் மருந்து ஊற்றவே கூடாது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஒவ்வொரு வேளைக்கும் வீட்டில் ஆள் இருப்பீர்களானால், தயங்காமல் தத்தெடுங்கள்.